தமிழில் ஒரு நாள் டெல்லி: வேன், வழிகாட்டி, கொஞ்சம் ஜனாதிபதிகள்

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு டெல்லியைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் விட்டுவிட்டேன். மூட்டு வலி ஒரு காரணம். குதுப்மினாரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது இன்னொரு காரணம். அதனால் 2024 மே மாதம் நாத்தனாரும் அவர் மகனும் பேராவூரணியிலிருந்து வந்தபோது, கரோல் பாகிலிருந்து கிளம்பும் ஒரு தமிழ்ச் சுற்றுலா வேனில் மூன்று இடம் பதிவு செய்தேன். ஆளுக்கு 1,200 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. குறைகளையும் எழுதப் போகிறேன், சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் வேறு, அதனால் பெயரைப் போடவில்லை.

காலை ஏழரைக்கு வேன் என்றார்கள். எட்டேகாலுக்கு வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம், டெல்லியில் வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் இந்திப் பாட்டைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாகப் போய்க்கொண்டிருந்தன. "எங்களுக்கு ஏப்ரல் 19-ஆம் தேதியே முடிஞ்சு போச்சு அண்ணி, இங்க இன்னும் ஓடுதா?" என்று நாத்தனார் விரலைக் காட்டினார். ஓட்டு மையின் கோடு நகத்தோடு வளர்ந்து பாதி மேலே ஏறியிருந்தது.

வேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி முன் இரண்டு வரிசைக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெரிய குடும்பம் பின்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்த முறுக்கு நன்றாக இருந்தது.

வழிகாட்டி திண்டிவனத்துத் தம்பி. நல்ல குரல். கதை சொல்லத் தெரிந்தவர். ஜனாதிபதி மாளிகையான ராஷ்டிரபதி பவனுக்குள் அங்குள்ள வழிகாட்டிதான் பேசுவார், அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். அதனால் உள்ளே பார்க்கப் போவதையெல்லாம் இந்தத் தம்பி வேனிலேயே தமிழில் சொல்லிவிடுகிறார். இந்த ஏற்பாட்டுக்காகவே இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கலாம். லட்யன்ஸ் என்கிற கட்டடக் கலைஞர், 340 அறைகள், அப்போது தர்பார் ஹால் என்றிருந்த கூடத்தில் ஜனாதிபதி நாற்காலிக்குப் பின்னால் குப்தர் காலத்துப் புத்தர், அப்போதைய அசோகா ஹாலின் கூரையில் பாரசீக மன்னர் வேட்டைக்குப் போகும் ஓவியம். எதையும் அவசரப்படாமல் சொன்னார். நாங்கள் உள்ளே போனபோது, பின்சீட்டுப் பாட்டி "இதுதானே அந்தத் தம்பி சொன்ன புத்தர்" என்று தானாகவே கண்டுபிடித்தார்.

அவருடைய சிறந்த கதை குதிரை வண்டிக் கதை. 1947-ல் சொத்துகளைப் பிரித்தபோது வைஸ்ராயின் தங்க முலாம் பூசிய வண்டி யாருக்கு என்று இந்தியாவும் பாகிஸ்தானும் காசைச் சுண்டிப் பார்த்தன, இந்தியா ஜெயித்தது. தம்பி ஒரு பத்து ரூபாய்க் காசை நிஜமாகவே சுண்டி, திண்டுக்கல் குடும்பத்துப் பையனிடம் பூவா தலையா கேட்டார். பின்னாளில் குண்டு துளைக்காத காருக்காக அந்த வண்டியை ஓரம் கட்டியதையும், 2014-ல் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி, குடியரசு தினம் முடிந்து நடக்கும் பாசறை திரும்பும் விழாவுக்கு அதில் மறுபடி வந்து இறங்கியதையும் சேர்த்துச் சொன்னார். சபாஷ்.

ஆனால் கதைக்கு வெளியே போனால் தம்பி தடுமாறுகிறார். ராஷ்டிரபதி பவன் இருக்கும் ரெய்சினா குன்று ஏறும்போது, "அப்துல் கலாம் ஐயா போட்டியே இல்லாம ஜனாதிபதியானவர்" என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போட்டியில்லாமல் வந்தவர் ஒருவர்தான், 1977-ல் நீலம் சஞ்சீவ ரெட்டி. 37 பேர் மனு போட்டு 36 தள்ளுபடியான தேர்தல் அது. 2002-ல் கலாமை எதிர்த்து நின்றவர் கேப்டன் லட்சுமி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையை நடத்தியவர், சென்னையில் பிறந்தவர். எங்கள் செக்‌ஷனில் அப்போது பெண்கள் நாலைந்து பேர் இருந்தோம். ஜெயிக்கமாட்டார் என்று தெரிந்தும், ஒரு பெண் நிற்கிறாரே என்று மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் பக்கம்தான் பேசினோம். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லாத எங்களுக்கு அந்த ஒரு லட்சம் பெரிய ஆறுதல்.

"சரிம்மா" என்று தம்பி தலையாட்டினார். மாலையில் ராஷ்டிரபதி பவன் மியூசியத்தில் மறுபடியும் அதையே சொன்னார்.

நாத்தனார் மகன் விடவில்லை. ஒரு லட்சம், ஒன்பது லட்சம் என்கிறீர்களே அத்தை, ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிற எம்.பி., எம்.எல்.ஏ. எல்லாம் சேர்த்தாலே ஐயாயிரம் பேர்தானே என்றான். நல்ல கேள்வி. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, அதையும் ஆயிரத்தால் வகுத்தால் 176. நம் ஊர் எம்.எல்.ஏ.வின் ஒரு ஓட்டுக்கு அதுதான் மதிப்பு. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7, இங்கே டெல்லியில் 58. எம்.பி.க்கு 2022 தேர்தலில் 700. "நாலு கோடிதானா?" என்றான். 1971 கணக்கெடுப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப நான் கணக்கிலேயே இல்லையா?" நீ மட்டுமா, உன் அம்மாவும் இல்லை. அந்த வருஷம் பேராவூரணியில் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நான் உண்டு. நாத்தனாருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் வழிகாட்டி சொன்னால் என்ன குறைந்துவிடும்? 2022 ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் பெட்டிகளுக்கு விமானத்தில் 'மிஸ்டர் பாலட் பாக்ஸ்' என்று தனி டிக்கெட் எடுத்து, பக்கத்துச் சீட்டில் அதிகாரி உட்கார்ந்து போனார்கள். குதிரை வண்டியை விடச் சுவையான கதை இல்லையா இது? எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஊதா மைப் பேனாவால் மட்டுமே எழுதவேண்டும். ஒரு வரி போதும்.

அடுத்த குறை, பேசாமல் கடந்து போன இடங்கள். பாராளுமன்றத்தை ஒட்டி ரெட் கிராஸ் சாலையில் வேன் போனபோது புதிய கட்டடத்தைப் பற்றியே பேசினார். அந்தச் சாலையோர மசூதியில்தான் ஃபக்ருதீன் அலி அகமது அடக்கமாகியிருக்கிறார். 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலைக்குக் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி, ஒன்றே முக்கால் வருஷத்துக்குள் பதவியிலேயே இறந்துபோனார். அவருக்கு முன்னால் அப்படிப் பதவியில் இறந்த ஜாகிர் உசேன், ஜாமியா மில்லியா வளாகத்தில் இருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கலாம். கலாம் சாலையில் போகும்போது மட்டும் வேனை மெதுவாக ஓட்டி, பலகையைப் படம் எடுக்கவிட்டார்கள்.

திண்டுக்கல் தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், காலையிலிருந்து மாலை வரை: "கலாம் எந்த ரூம்ல இருந்தாரு?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வந்தவர்களுக்கு அந்த வீடு கலாமின் வீடு. இரண்டு பெட்டியோடு வந்தார், இரண்டு பெட்டியோடு போனார் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் நான் 1986-ல் டெல்லிக்கு வந்தவள். என் நினைவில் ஜனாதிபதிகள் பெட்டியோடும் வண்டியோடும் வருவதில்லை. தேர்தல் முடிவு வந்த ராத்திரிகளோடுதான் வருகிறார்கள். ஐந்து வருஷத்தில் நாலே முக்கால் வருஷம் அந்தக் குன்றின் மேல் ஒருவர் இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றதும் டீக்கடைவரை எல்லோருக்கும் அவர் ஞாபகம் வந்துவிடும்.

1987 ஜூலையில் ஆர். வெங்கட்ராமன் ஜெயித்தபோது அப்பாவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர். 'நம்ம ராஜாமடத்துக்காரர் ஜனாதிபதி ஆகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா, ஊர்ப் பெயரைச் சொல்.' பட்டுக்கோட்டைப் பக்கம் மிராசுதார் வீட்டுத் திண்ணைக்குப் போவதுபோல அப்பா நினைத்திருந்தார். நான் போகவில்லை என்று கடைசிவரை அவருக்குக் குறை. அந்தத் தேர்தலில் வெங்கட்ராமனை எதிர்த்து நின்றவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நீதிபதி. 1989-ல் யாருக்கும் பெரும்பான்மை வராதபோது, 197 இடம் வாங்கிய ராஜீவைத்தான் ஆர்.வி. முதலில் கூப்பிட்டார். தனிப்பெரும் கட்சி என்ற முறையில். ராஜீவ் வேண்டாம் என்றதும் வி.பி. சிங். அப்புறம் சந்திரசேகர், நரசிம்ம ராவ். ஐந்து வருஷத்தில் நாலு பிரதமர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்.வி. வீட்டுக்குப் போனார். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு முறையும் அமைச்சர் படத்தைக் கழற்றி மாட்டிய பியூன், ஆணியை அப்படியே விட்டுவைக்கச் சொன்னார்.

1996-ல் எனக்குத் தேர்தல் பணி. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம். அவர் பெயரைக் கேட்டால் செக்‌ஷன் ஆபீசருக்கே வியர்க்கும். அந்தச் சேஷன் அடுத்த வருஷமே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். கே.ஆர். நாராயணனுக்கு 9,56,290, இவருக்கு 50,631. டெபாசிட் போயிற்று. நாராயணனை நான் மறக்காததற்கு வேறு காரணம். 1998-ல் பதவியில் இருக்கும்போதே ராஷ்டிரபதி பவன் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அதுவரை எந்த ஜனாதிபதியும் அப்படிச் செய்ததில்லை. யாருக்கும் பெரும்பான்மை வராத அந்தத் தேர்தலில்தான், ஆட்சியமைக்க ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள் என்று வாஜ்பாயிடம் கேட்டார். சென்னையிலிருந்து ஜெயலலிதாவின் கடிதம் வருமா வராதா என்று டெல்லி முழுக்கக் காத்துக் கிடந்தது. எங்கள் ஆபீஸில் வடக்கத்திக்காரர்கள் எல்லோரும் என்னிடம் வந்து விசாரித்தார்கள், ஏதோ நான்தான் அந்தக் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டிருப்பதுபோல.

2014-ல் பிரணாப் நடுநிலை என்று ஓட்டே போடவில்லை. 2024 மே 25-ஆம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு அதே வளாகத்துக் கேந்திரிய வித்யாலயாவில் போட்டார். எனக்கு நாராயணன் செய்ததுதான் சரி. ஓட்டு ரகசியம்தானே, போட்டால் நடுநிலை எங்கே போகும்?

மதியச் சாப்பாடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம்பாரில் வெல்லம். ரசம் நன்றாக இருந்தது, கூச்சப்படாமல் இரண்டாம் முறை கேளுங்கள். மியூசியத்துக்கு ஒதுக்கிய நேரம் போதாது. ஜோர்டான் மன்னர் ராஜீவுக்குக் கொடுத்த பென்ஸ் காரைச் சுற்றி ஆண்கள் எல்லோரும் நின்றுவிட்டதால் மற்றதை ஓடி ஓடிப் பார்த்தோம். பிரதமர்கள் அருங்காட்சியகத்துக்கு வெளியிலேயே மணி ஐந்தாகிவிட்டது. அதை இன்னொரு நாள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். பெற்றோரை அனுப்பலாம், தமிழ் மட்டும் தெரிந்தவர்களை நம்பி அனுப்பலாம். ஆதார் அட்டை அசல் வேண்டும், திங்கள்கிழமை ராஷ்டிரபதி பவன் விடுமுறை, மே மாதத்தில் வயதானவர்கள் வேண்டவே வேண்டாம். நாங்கள் போன 2024-ல் ஜூன் 4-ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கை இருந்தது. அப்படி எண்ணிக்கைக்குப் பிந்திய வாரத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். பதவியேற்பு என்றைக்கு என்று தெரியாது, அந்தப் பக்கம் சாலைகளை அடைத்துவிட்டால் வேன்காரர் பணத்தைத் திருப்பித் தருவதில்லை, தேதிதான் மாற்றித் தருவார். நான் கேட்டுவிட்டேன்.