ஹோமியோபதி: ஒற்றை மருந்தா, கூட்டு மருந்தா?

ஹோமியோபதி பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில் தயங்குகிறார்கள். இரண்டுக்கும் பின்னாலுள்ள தத்துவமே வேறு.

அடிப்படை
ஒற்றை: ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமன் வகுத்த வழி. ஒரு நேரத்தில் ஒரே மருந்து. அதைத் தேர்வதில் நோயாளியின் மனநிலைக்குப் பெரிய பங்கு. பின்னால் வந்த அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் கென்ட், ஸ்வீடன் நாட்டுச் சிந்தனையாளர் ஸ்வீடன்போர்க்கின் ஆன்மிகச் சிந்தனையில் ஊறியவர். மனக்குறிகளை முதலிடத்துக்கே கொண்டுபோனார்.
கூட்டு: சளி, மூட்டுவலி என நோயின் பெயரைப் பார்த்துப் பல மருந்துகளைக் கலந்து தருவது.

கேள்விகள்
ஒற்றை: துக்கத்தில் இருப்பவரிடம், "யாராவது ஆறுதல் சொன்னால் எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். எரிச்சல் வந்தால் நேட்ரம் மூர், மனம் தேறினால் பல்சட்டில்லா. தாகம், கனவு, பயம் எல்லாம் வரும்.
கூட்டு: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. அவ்வளவுதான்.

நேரம்
ஒற்றை: முதல் சந்திப்புக்கே ஒரு மணி நேரம் ஆகலாம்.
கூட்டு: சில நிமிடம்.

ஆதாரம்
இதில் இரண்டும் ஒன்றுதான். மூலப்பொருளை நூறில் ஒரு பங்காகப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்து நீர்க்கச் செய்வது 12சி; அதைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. ஆறுதல் தருவது அந்த நீண்ட உரையாடல்தான் என்பது என் கருத்து.

மனசுவிட்டுப் பேச ஆள் தேடுகிறவருக்கு ஒற்றை சரி. தானே போகும் சாதாரண சளிக்கு ஏதாவது போட்டால் போதும் என்பவருக்குக் கூட்டு. சர்க்கரை நோய், நெஞ்சுவலி, விடாத காய்ச்சல் என்றால் இரண்டும் வேண்டாம்; நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.