ஸ்கைகைட்: அண்டை நாட்டு வானத்துக்கும் சேர்த்துக் காவல்

சூரிச்சிலோ ஜெனீவாவிலோ விமானம் ஏறுகிற பலருக்கு, தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் சுவிஸ் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஸ்கைகைட்டின் பெயரே தெரியாது, ஆனால் டிக்கெட் காசில் அதற்கும் ஒரு பங்கு போகிறது. விமானத்தின் எடையையும் பறக்கும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு விமான நிறுவனத்திடம் யூரோகன்ட்ரோல் என்ற ஐரோப்பிய வான் போக்குவரத்து அமைப்பு வசூலித்துக் கொடுக்கிறது. காசு கொடுக்கிறோம் அல்லவா, அப்புறம் விமர்சனம் எழுதக் கூடாதா என்ன?

கிட்டத்தட்ட முழுப் பங்கும் சுவிஸ் அரசிடம். 2001-இல் பயணிகள் விமானம், ராணுவ விமானம் இரண்டின் கட்டுப்பாட்டையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள், அது நல்ல முடிவு. அதைவிடச் சுவாரசியம், இவர்கள் வேலை சுவிஸ் எல்லையோடு முடிவதில்லை. தெற்கு ஜெர்மனியின் ஒரு பகுதியோடு பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா வான்வெளியின் சில துண்டுகளும் இவர்கள் பொறுப்பில்தான். சூரிச் விமான நிலையம் ஜெர்மன் எல்லைக்கு அவ்வளவு பக்கம், இறங்கும் விமானத்தைப் பாதி வழியில் ஆள் மாற்றிக் கொடுப்பது யாருக்கும் வசதியில்லை. பயணிக்கு எல்லை தாண்டியதே தெரியாது. அந்த வகையில் சேவை அருமை.

ஆனால் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கட்டுப்பாடு சூரிச்சில். பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார், மற்றவர் தனியாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பராமரிப்பு வேலையால் மோதல் எச்சரிக்கை திரையில் வரவில்லை, தொலைபேசி இணைப்பும் சரியில்லை, ஆபத்தைக் கண்ட ஜெர்மன் கட்டுப்பாட்டாளர்கள் கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் ரஷ்ய விமானிகளிடம் தரையிலிருந்து இறங்கு என்றார்கள், விமானத்துக்குள் இருந்த மோதல் தடுப்புக் கருவியோ ஏறு என்றது. அவர்கள் தரையை நம்பினார்கள். சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இதைத் தனி ஒருவரின் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றமும் நிர்வாகிகள் நால்வரைத்தான் குற்றவாளிகள் என்றது. அதற்கு முந்தைய வருடமே ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் நகர நீதிமன்றம், ஜெர்மனி தன் வானத்தை முறையான ஒப்பந்தம் இல்லாமல் இவர்களிடம் விட்டதால் ஜெர்மன் அரசே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதாவது, இத்தனை வருடம் நடந்த வேலைக்கு ஒழுங்கான பத்திரமே கிடையாது! அந்த ஜெர்மன் வானத்துக்கான செலவில் பெரும்பகுதியும் பல வருடம் சுவிஸ் தலையிலேயே விழுந்தது.

2022 ஜூன் 15 காலை வலையமைப்புக் கோளாறால் சுவிஸ் வான்வெளியையே சில மணி நேரம் மூடினார்கள். பயணிகளுக்கு எரிச்சல்தான், ஆனாலும் சந்தேகம் வந்ததும் மூடியது சரி என்றே சொல்வேன். மாற்று ஏற்பாடு கைகொடுக்காதது மட்டும் இந்தக் கட்டணத்துக்குப் பொருந்தவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். காலை ஆறு மணிக்குச் சூரிச்சின் தெற்கே வீட்டுக் கூரைமேல் விமானம் போகிறதே என்று இவர்களைத் திட்டுபவர்களுக்கு ஒன்று: அது ஜெர்மனி 2003-இல் போட்ட தடை. வார நாட்களில் காலை ஏழுக்கு முன், வார இறுதியில் ஒன்பதுக்கு முன், சூரிச்சில் இறங்கும் விமானம் அவர்கள் பக்கமாகத் தாழ்ந்து வரக் கூடாது, அதனால்தான் தெற்கு வழி. அந்த நேரத்திலும் அந்த வானத்தைப் பார்த்துக்கொள்வது ஸ்கைகைட் ஆட்கள்தான், தங்கள் ஊருக்கு வரும் விமானத்தை மட்டும் அந்த வழியே இறக்க முடியாது.