பாறை மண்ணில் வேலிக்குழி: டிராக்டர் ஆகர், எக்ஸ்கவேட்டர், கல் துளைப்பான் – எது எங்கே பொருந்தும்?

பினாங்குத் தீவின் நடுவே ஓடும் மலைத்தொடர் கிரானைட் பாறையால் ஆனது. பாலிக் பூலாவ், தெலுக் பஹாங், ஆயர் ஈத்தாம் வட்டாரங்களின் சரிவுகளில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள், காட்டுப்பன்றியையும் பழம் திருடுவோரையும் தடுக்க வேலி போட நினைத்தவுடன் முதலில் மோதுவது இந்தக் கல்லோடுதான். டிராக்டரில் ஆகரை, அதாவது மண்ணைக் குடையும் பெரிய திருகை, பூட்டிவிட்டால் குழி வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று செபெராங் பிறையில் சொல்வார்கள். வண்டல் மண் படிந்த அந்தச் சமவெளியில் அது உண்மையும்கூட. தீவின் சரிவுகளில் அதே யோசனையை அப்படியே பின்பற்றினால், கருவிக்கும் வாடகைக்கும் மட்டுமல்லாமல், ஓட்டுபவரின் உயிருக்கும் ஆபத்து. குழி தோண்டும் கருவியைக் கல்லைப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டில் நான் வலியுறுத்த விரும்புவது.

கிரானைட் சீராக மட்குவதில்லை. மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்கி, விளிம்புகளை முதலில் மணல் கலந்த களியாக மாற்றுகிறது. நடுப்பகுதி மட்டும் உருண்டைக் கல்லாக மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீர்மலைப் பக்கத்து ஓடைகளில் கிடக்கும் பெரும் உருண்டைப் பாறைகள், சுற்றியிருந்த மண் அரித்துச் செல்லப்பட்டதால் வெளியே தெரிபவை. அவற்றைப் போன்றவை தோட்டத்து மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருக்கின்றன. அதனால் ஒரு குழி மூன்றடி வரை வெண்ணெய்போல் இறங்கும். பத்தடி தள்ளி அடுத்த குழியில் ஓரடியிலேயே கல் தட்டும். புதிய, மட்காத கிரானைட்டின் அழுத்த வலிமை பொதுவாக 100 மெகாபாஸ்கலுக்கு மேல் இருக்கும். வீடு கட்டும் சாதாரண கான்கிரீட் 20 முதல் 30 வரைதான்.

ஆகவே எந்த இயந்திரத்தையும் அழைப்பதற்கு முன், வேலிக் கோட்டில் தூண் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பார்க்க வேண்டும். கம்பி கணீரென்று ஒலித்து நின்றால், ஓரடி தள்ளி நான்கு பக்கமும் மறுபடி அடித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தில் இறங்கினால் அது சிறு கல். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றால் அடியில் பெரிய பாறை இருக்கிறது என்று கொள்ளலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையை வேலிக் கோடு முழுவதற்கும் செய்து, தாளில் குறித்துக்கொண்டால் கருவியைப் பற்றிய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மண்ணுக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்பதைக் கம்பி அடிப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

டிராக்டர் ஆகர், பின்பக்க விசைத்தண்டின் சுழற்சியில் இயங்குவது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுகள் சுற்ற, கியர்பெட்டி அதைக் குறைத்து, முறுக்கு விசையைக் கூட்டித் திருகுக்கு அனுப்புகிறது. இதன் பலவீனம் சுழற்சியில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் கருவியைப் பூட்டும் பின்பக்க மூன்று முனைத் தூக்கி, கருவியை மேலே தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. ஆகரின் சொந்த எடைதான் அதை இறக்குகிறது. நல்ல மண்ணில் திருகு தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்வதால் இது குறையாகத் தெரியாது. கல்லில் பல் பதிய அழுத்தம் வேண்டும். அது இல்லாதபோது ஆகர் பாறையின் முகத்தைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறது, பற்கள் சூடேறி மழுங்குகின்றன. அந்த நிலையில் எடை கூட்டுவதற்காக ஆட்கள் சட்டத்தின்மேல் ஏறி நிற்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. நொடிக்கு 9 சுற்றுச் சுற்றும் தண்டில் சட்டையோ சாரமோ சிக்கினால், எஞ்சினை நிறுத்துவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. தண்டின் பாதுகாப்பு உறை உடைந்திருந்தால் அந்தக் கருவியை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது பலவீனம், பெரும்பாலான டிராக்டர் ஆகர்களைத் திருப்பிச் சுழற்ற முடியாது என்பது. வேரின் அடியிலோ இரு கற்களுக்கு இடையிலோ திருகு மாட்டிக்கொண்டால், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பெரிய பைப் ஸ்பேனரால் கையாலேயே பின்னோக்கித் திருப்ப வேண்டியிருக்கும். மாட்டிக்கொண்ட கணத்தில் கியர்பெட்டியைக் காப்பாற்றுவதற்காகவே தண்டில் ஒரு மெல்லிய போல்ட் வைத்திருக்கிறார்கள். சுமை மீறும்போது அது வெட்டுப்படுவதுதான் அதன் வேலை. அடிக்கடி உடைகிறதே என்று அந்த இடத்தில் வலிமையான போல்ட்டைப் போடுவோர், ஒரு போல்ட்டின் விலையை மிச்சப்படுத்தி, கியர்பெட்டியையே பறிகொடுக்கிறார்கள். கடின உலோகப் பற்கள் பொருத்திய பாறை ஆகர், மட்கிய கிரானைட்டையும் சரளை மண்ணையும் செம்புரைக் கற்களையும் நன்றாகவே குடைந்துவிடும். முழுப் பாறையை அதுவும் குடையாது. கல் கலந்த மண்ணில் 9 அங்குலத் திருகை நேரடியாக இறக்குவதைவிட, 6 அங்குலத் திருகால் முதலில் துளைத்துப் பிறகு அகலப்படுத்துவது கருவிக்குச் சுமையைக் குறைக்கும்.

சரிவு இன்னொரு தடை. ஆகர் டிராக்டரோடு சேர்ந்து சாய்வதால் குழியும் சாய்கிறது. குறுக்குச் சரிவில் டிராக்டர் கவிழும் ஆபத்தும் உண்டு, மழை பெய்து களி வழுக்கும்போது அது இன்னும் கூடும். சமமான நிலம், நீண்ட வேலி, முஷ்டி அளவுக்கு மேல் கல் இல்லாத மண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேகத்திலும் செலவிலும் டிராக்டர் ஆகரே முந்தும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேறு வழியைத்தான் பார்ப்பேன்.

மினி எக்ஸ்கவேட்டரின் கையில் பொருத்தும் ஹைட்ராலிக் ஆகர், மேற்சொன்ன இரு பலவீனங்களையும் நேரடியாகத் தீர்க்கிறது. எக்ஸ்கவேட்டரின் கையாலேயே ஆகரைக் கீழே அழுத்தலாம், மாட்டிக்கொண்டால் திருப்பிச் சுழற்றலாம். ஆகர் தொங்கும் நிலையில் இருப்பதால் வண்டி சற்றுச் சாய்ந்திருந்தாலும் குழி செங்குத்தாக இறங்கும். பெரிய கல் வந்தால் ஆகரைக் கழற்றி, பாறை உடைக்கும் பிரேக்கரை மாட்டலாம். ஆனால் பிரேக்கர் உடைக்கும் குழி ஒழுங்கற்று அகலமாகப் போவதால் கான்கிரீட் செலவு கூடும். அதைவிட எனக்குக் கவலை தருவது டுரியான் மரம். அதன் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கின்றன. இரும்புச் சங்கிலிச் சக்கரம் ஏறினால் மண் இறுகும், வேர் காயப்படும். டுரியானைக் கொல்லும் பைட்டோப்தோரா நோய், சக்கரத்தில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவக்கூடியது. வண்டியைக் கழுவிய பிறகே உள்ளே விட வேண்டும் என்று கேட்பது தோட்டக்காரரின் உரிமை. மேலும், பினாங்கில் 76 மீட்டர் உயரத்துக்கு மேலான நிலமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலமாகக் கருதப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுவதால், வண்டிக்குப் பாதை வெட்டும் எண்ணம் இருந்தால் முதலில் நில அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கையில் பிடிக்கும் பெட்ரோல் ஆகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லில் சிக்கினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டையும் தோளையும் முறிக்கும். பாறை மண்ணுக்கு அது உரியதல்ல.

பாறை மேலேயே தெரியும் இடங்களில் குழி தோண்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, கல்லில் துளையிட்டுத் தூணை ஊன்றுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சிறிய ஜெனரேட்டரும், கல் துளைப்பானான கனரக ஹேமர் டிரில்லும் இருந்தால் மோட்டார் சைக்கிள் போகும் பாதையிலேயே எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய்விடலாம். கல்லில் ஏறக்குறைய 12 அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, தூசியை ஊதி வெளியேற்றி, முறுக்குக் கம்பியைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் பதித்து, அதன்மேல் இரண்டு அங்குல இரும்புக் குழாயைச் செருகி, உள்ளேயும் கலவையை நிரப்ப வேண்டும். துளைக்குள் தூசி மிஞ்சினால் கலவை பிடிக்காது; பிறகு தூண் ஆடும்போது குறை தெரியவரும். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருப்பதால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா தூசி. தண்ணீர் தெளித்துக்கொண்டும், தரமான முகக்கவசம் அணிந்தும் மட்டுமே துளையிட வேண்டும். வாயைத் துணியால் கட்டிக்கொள்வது போதாது.

கடப்பாரையையும் ஒதுக்கிவிட முடியாது. சில குழிகள் மட்டும் என்றால், நடுத்தரக் கல்லைச் சுற்றித் தோண்டி நெம்பி எடுப்பது, வண்டி வரவழைக்கும் செலவைவிட நிச்சயம் மலிவு.

நடைமுறையில் ஒரே தோட்டத்தில் இவற்றைக் கலந்துதான் பயன்படுத்த வேண்டியிருக்கும். கம்பிவலையின் முழு இழுவிசையையும் தாங்குபவை மூலைத் தூண்களும் கதவுத் தூண்களும்தான். அவற்றுக்கு ஆழமான நல்ல மண்ணையோ அசையாத முழுப் பாறையையோ முதலில் தேர்ந்துகொண்டு, இடைத்தூண்களைக் கல்லுக்கு ஏற்ப ஓரடி முன்பின் நகர்த்தலாம். இடைவெளி பத்தடியைத் தாண்டாதவரை வேலிக்குக் கேடில்லை. மண்ணுக்குள் மிதக்கும் சிறு உருண்டைக் கல்லின்மேல் மட்டும் எந்தத் தூணையும் பதிக்கக் கூடாது. மழையில் மண் நெகிழும்போது கல்லோடு தூணும் சாயும்.

கூலி பேசும்போது குழிக்கு இவ்வளவு ரிங்கிட் என்று மட்டும் பேசினால், கல் வந்தவுடன் ஆழம் குறைந்த குழிகளே மிஞ்சும். எத்தனை அங்குல ஆழம், கல் தட்டினால் இடம் மாற்றுவதா துளையிடுவதா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, உடையும் பல்லுக்கும் போல்ட்டுக்கும் யார் பொறுப்பு என்பவற்றை, கம்பி அடித்துக் குறித்த அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டே பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.