குஞ்சுக் கொட்டகைக்கு இந்தக் 'கூடார ஹீட்டர்' வேண்டாம்

மழைக்காலத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சாம்பல் நிறத்தில், தூக்கிப் போகக் கைப்பிடி வைத்து, முன்னால் கம்பி வலை போட்ட ஒரு கேஸ் ஹீட்டர். பெட்டி மேல் உறைந்த ஏரி, அதில் ஒரு கூடாரம், உள்ளே தூண்டில் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர் படம். "இதுதான் புது மாடல் புரூடர்", அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற கருவி, என்று சொல்லி எங்களுக்கு விற்றார்கள். அதனால் பாதிக்கு மேல் குஞ்சுகள் செத்தன. என் மாமனார் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

எங்கள் கொட்டகை மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், வயலை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் இருட்டுதான். அதிலிருந்து வெறும் பல்பை நம்பிக் குஞ்சு இறக்க மாமாவுக்கு மனசே வரவில்லை. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அந்த முதல் வாரத்தில் ஒரு ராத்திரி குளிர்ந்தால் போதும், குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும். அதனால்தான் கேஸ் புரூடர் தேடிப் போனோம்.

டவுனில் ஒரு கடை. மாமாவும் நானும் போனோம். கடைக்காரர் பெட்டியில் இருந்த படத்தைக் காட்டி, "ஐயா, ஐஸ் நாட்டுல இதைக் கூடாரத்துக்குள்ள வெச்சுட்டுத் தூங்குறாங்க. நம்ம ஊர்க் குளிர் எம்மாத்திரம்?" என்றார். நான் காற்றோட்டம் பற்றிக் கேட்டேன். "அக்கா, இதுல சென்சார் இருக்கு. காத்து குறைஞ்சா தானா அணைஞ்சுடும். நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிடுங்க, அப்பதான் சூடு நிக்கும். ஐயா உள்ளேயே கட்டில் போட்டுப் படுத்துக்கலாம்" என்று சொல்லி, வலைக்குப் பின்னால் இருந்த ஒரு செம்புக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். ஹீட்டரோடு ஐந்து கிலோ என்று சொல்லி இரண்டு சின்ன சிலிண்டர்களும் கொடுத்தார். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு வந்தது. பணத்தை போனில் அனுப்பினோம்.

அடைமழை பிடித்த ராத்திரி. கடைக்காரர் சொன்னபடியே தார்ப்பாய் நான்கு பக்கமும் தரை வரை இறங்கியிருந்தது. மாமா உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். விடிந்து அத்தை டீ எடுத்துக்கொண்டு போனபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. தலை வெடிக்கிறது என்றார், இரண்டு முறை வாந்தி எடுத்தார், அத்தையை யார் என்று கேட்டார். குஞ்சுகளைச் சுற்றி வைத்திருந்த தகட்டு வட்டத்துக்குள் அவை பரந்து கிடந்தன. குளிரில் செத்தவை குவியலாகக் கிடக்கும். இவை படுத்த இடத்திலேயே தனித்தனியாகக் கிடந்தன. உமி நசநசவென்று ஈரம். தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஹீட்டர் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக. வலை முழுக்கக் கரி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப்பை மாமா விரலில் மாட்டினோம். 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறதே, சாதாரண மயக்கமாக இருக்கும் என்று வண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள். டாக்டர் அந்த எண்ணைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ராத்திரி மூடின இடத்துல எதாவது எரிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் வித்தியாசம் அந்தக் கிளிப்புக்குத் தெரியாது, அதனால் ஆள் சாகக் கிடந்தாலும் நல்ல எண்ணையே காட்டும். உடனே மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் கொடுத்தார்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் அந்த விஷம் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும், ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும் என்று விளக்கினார். இந்த மாதிரி யாருக்காவது ஆனால், கேஸோ கரியோ எரிந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மாமா இப்போது நடமாடுகிறார். ஆனால் பேச்சின் நடுவே பெயர்கள் மறந்துபோகின்றன, அது எங்களுக்குக் கவலையாகவே இருக்கிறது.

செத்த குஞ்சுகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ரத்தமும் நுரையீரலும் பளிச்சென்று செக்கச்செவேல் என்று இருந்தன. குளிரில் செத்திருந்தால் இந்த நிறம் வராது என்றார்.

ஹீட்டரை மன்னார்குடியில் ஒரு கேஸ் அடுப்பு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்தோம். கடைக்காரர் தொட்டுக் காட்டிய செம்புக் கம்பியின் மறுமுனை எதிலும் இணையவில்லை. உள்தகட்டில் பசை வைத்து ஒட்டியிருந்தது. சாய்ந்தால் அணைக்கிற சுவிட்ச் என்று வெளியே எழுதியிருந்த இடத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தெரியாமல் விற்றுவிட்டார்கள் என்று இதைச் சொல்லவே முடியாது. இதைச் செய்தவர்கள் சென்சார் இருப்பதுபோல் தெரிய வேண்டும் என்று திட்டம் போட்டே செய்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் இருந்த விஷயத்தையும் அப்புறம் தேடிப் படித்தேன். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் உறைந்த ஏரியில் துளை போட்டு, மேலே கூடாரம் அடித்து மீன் பிடிப்பது உண்மைதான். ஹீட்டர் வைத்துக்கொள்வதும் உண்மைதான். ஆனால் மூடிய இடத்துக்கு என்று அங்கே விற்கும் ஹீட்டரில் ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கிற அமைப்பு நிஜமாகவே இருக்கும். அது இருந்தும், கூடாரத்தின் காற்றுத் துவாரத்தைத் திறந்து வை, எரிய விட்டுத் தூங்காதே, கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்துக்கொள் என்றே எச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு எரிபொருள் புரொப்பேன். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகாமல் நின்றுவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். நம் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்தது. மெக்கானிக் சொன்னது இதுதான்: புரொப்பேனுக்கு அளவெடுத்த ஜெட் (கேஸ் வெளிவரும் சின்னத் துளை) வழியாக பியூட்டேன் கலந்த வாயு போனால் எரிவதற்குக் காற்று அதிகம் வேண்டும், அந்தக் காற்று கிடைக்காவிட்டால் தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், விஷவாயு வரும். மூடிய தார்ப்பாய்க்குள் காற்று எங்கிருந்து வரும்?

இந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. கேஸ் கசிந்தால் வருகிற நாற்றம் எரியாத கேஸில் சேர்த்திருக்கும் மருந்தின் நாற்றம். அது வரவில்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். உமி ஈரமானதற்கும் காரணம் இதுவேதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். மேலே வழி இல்லாவிட்டால் அது குஞ்சுகளின் படுக்கையில்தான் இறங்கும், பின்னாலேயே அமோனியாவும் ரத்தக்கழிச்சலும் வரும்.

சிலிண்டரிலும் ஏமாற்று. கம்பெனி பெயர் இல்லை, காலி எடை பொறித்திருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காலியானதையும் சீல் உடைக்காததையும் நெல் நிறுக்கிற தராசில் வைத்தோம். வித்தியாசம் மூன்றரை கிலோகூட இல்லை. வீட்டு சிலிண்டரிலிருந்து இப்படி மாற்றி அடைப்பது சட்டப்படி குற்றம். எண்ணெய் நிறுவனங்களின் ஐந்து கிலோ சிலிண்டரே ஏஜென்சிகளில் கிடைக்கிறது, அடையாள அட்டை காட்டினால் போதும். அதன் கைப்பிடித் தகட்டின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போனோம். "குஞ்சு பலவீனமா இருந்திருக்கும்", "தாத்தாவுக்கு வயசாச்சுல்ல" என்றார்கள். சீட்டைக் காட்டியதும், அது பில்லே கிடையாது என்றார்கள். மாமாவின் வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேஸ் புரூடரே கூடாது என்று நான் சொல்லவில்லை, இன்றும் எங்களிடம் ஒன்று இருக்கிறது. கோழிப்பண்ணைச் சாமான் விற்கிற இடத்தில், மேலே தொங்கவிடுகிற வகையாக வாங்கினோம். கடையிலேயே பற்ற வைக்கச் சொல்லி, தீயை ஊதி அணைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கேஸ் தானாக நின்றது. அதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே நிற்கிறது, ஏனென்றால் கசிந்த கேஸ் காற்றைவிட கனம், தரையோடு தேங்கும். தார்ப்பாயைக் கீழிருந்து மேலே கட்டி, கூரையை ஒட்டி ஒரு முழம் எப்போதும் திறந்தே வைக்கிறோம். சாரல் அடித்தாலும் அதை மூடுவதில்லை. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். உள்ளே யாரும் படுப்பதில்லை. மண்பானையில் கரி போட்டு வைக்கிறவர்களுக்கும் இதேதான், கரியிலிருந்து இந்த வாயு இன்னும் அதிகமாக வரும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பில் இல்லாததற்குப் பதிலாகப் பணம் அனுப்பிய பதிவையும், பெட்டியின் படத்தையும், மெக்கானிக் பிரித்தபோது எடுத்த வீடியோவையும் சேர்த்திருக்கிறோம். இதே ஹீட்டரை வாங்கியவர்கள் அதை இன்றே அணைத்து வெளியே எடுத்து வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் சாட்சி. புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.