நுண்பயிற்றல் செயல்திட்டம்: நேரலையா, பதிவா?

வீட்டிலிருந்தே பி.எட். தொழில்நுட்பச் செயல்திட்டமாக நுண்பயிற்றல் (ஒரு நேரத்தில் ஒரு கற்பித்தல் திறனை மட்டும் சிறு பாடத்தில் பழகுவது) செய்யும் காரைக்குடி, தேவகோட்டை மாணவர்களுக்கு. பாடம்: ஆத்தங்குடி டைல்ஸில் சமச்சீர்.

செலவு
நேரலை: கூகுள் மீட் இலவசம், மூன்று பேர் சேர்ந்தாலே 60 நிமிட வரம்பு.
பதிவு: 1080பி-யில் 8 நிமிடம் 1 ஜிபியை நெருங்கலாம். 720பி போதும்.

தெளிவு
நேரலை: சிக்னல் குறைந்தால் டைல்ஸின் பூவேலை மங்கிவிடும்.
பதிவு: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) எடுத்தால் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகில் வேண்டாம்.

வினா கேட்டல்
நேரலைதான். பதிலைக் கேட்டு அடுத்த வினாவை மாற்றுவதே நுண்பயிற்றலின் உயிர். பதிவில் அது நடிப்பாகிவிடும்.

விளக்கும் திறன், கரும்பலகைத் திறனுக்குப் பதிவு. வினா, வலுவூட்டல் (பதில் சொல்பவரைப் பாராட்டி ஊக்குவித்தல்) திறன்களுக்கு, சிக்னல் சுமார்தான் என்றாலும், நேரலை.