தமிழ்99 விசைப்பலகை: ஆங்கிலம் தெரியாமல் தட்டச்சு செய்ய முடியுமா?

ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வதுதான் இன்று பலருடைய பழக்கம். தமிழ் மட்டுமே படித்தவருக்கோ, தன் மொழியில் ஒரு வரி எழுதவே முதலில் ஆங்கிலம் வேண்டும் என்றாகிவிடுகிறது. 'பள்ளி', 'பல்லி' இரண்டுக்கும் பெரும்பாலோர் ஒரே ஆங்கில எழுத்துகளைத்தான் அடிக்கிறார்கள். எது வேண்டும் என்று செயலி ஊகிக்கிறது. ஊகம் தவறினால் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99-இல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ள ஒரு விசை, ல வேறு விசை.

உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 என மொத்தம் 31 விசைகள். உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். ஆய்த விசையே மெய்க்குப் பின் வந்தால் புள்ளி. தமிழ்99-இன் உண்மையான பலம், புள்ளி தானாக விழுவது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி வரும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன இணைகளுக்கும் அப்படியே. 'தம்பி'க்கு த, ம, ப, இ: நான்கே தட்டு, நான்கும் நடு வரிசையில்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். 'சமபந்தி விருந்து' என்று அடிக்கப்போனால் 'சம்பந்தி விருந்து' வந்து நிற்கும். ம-வுக்கும் ப-வுக்கும் நடுவே அ விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. 'சசி', 'மமதை' போன்றவற்றுக்கும் இதே வழி. பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு வேறொரு சிக்கல்: அங்கே கொம்பு முதலில், எழுத்து பிறகு, இங்கே 'கெ' என்றால் க, பிறகு எ. ஔகாரத்துக்குக் கொம்பையும் ள-வையும் சேர்த்து ஒப்பேற்றவே கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது.

விண்டோஸில் அமைப்புகளுக்குள் நேரமும் மொழியும், அங்கே தமிழைச் சேர்த்து, அதன் மொழி விருப்பங்களில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியே கிடைக்கிறது. எதில் நிறுவினாலும் முதல் சோதனை ஒன்றே: ம-வை இருமுறை தட்டிப் பாருங்கள். 'ம்ம' வராமல் 'மம' வந்தால், அந்த மென்பொருள் விசைகளின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விதிகளை விட்டுவிட்டது. அதில் பழகாதீர்கள், ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைத்து அலுத்துப்போவீர்கள்.

கடைகளில் கிடைக்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலும் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்காது. தமிழ் எழுத்து அச்சிட்ட ஒட்டிகளை 31 விசைகளிலும் ஒட்டுங்கள். ந, ய, ச, ஞ, ழ ஆகியவை ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளுக்கு உரிய விசைகளில் இருக்கின்றன. சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்த விசைகள் ஒடுங்கியிருக்கும், வாங்கும்முன் பாருங்கள். நடு வரிசையிலேயே அது, இது, எது, பந்து, கம்பு, மயக்கம் எல்லாம் அடிக்கலாம் என்பதால் பயிற்சியை அங்கே தொடங்குவது நல்லது.

கைப்பேசிக்குத் தமிழ்99-ஐ அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஐபோனிலேயே தமிழ் 99 இருக்கிறது, ஆண்டிராய்டில் செல்லினம் என்ற செயலி தருகிறது. ஆனால் ஒரு வரிசையில் பத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் வரும்போது விசைகள் மெலிந்து, ஓரத்து எழுத்துகளில் விரல் தவறுகிறது. போனைக் கிடைமட்டமாகத் திருப்பினால் சற்றுத் தேவலை.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. பல கணினிகளில் தமிழைச் சேர்க்கும் அந்தப் பக்கமே ஆங்கிலத்தில்தான் திறக்கிறது. மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் கேட்கும் கட்டங்களிலும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான். எனவே நிறுவித் தருபவர் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மொழி மாற்றுவதைக் கற்றுக்கொடுத்துவிட்டே எழுந்திருக்க வேண்டும்.