ஒரு பக்கம், இருபது நிமிடம்: ஜாஸ் இசைத்தட்டுகளுடன் பதினொரு ஆண்டுகள்

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கேட்பது வழக்கம். பக்கம் என்றால் இசைத்தட்டின் ஒரு பக்கம், ஏறத்தாழ இருபது நிமிடம். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த புதிதில் தொடங்கிய இந்தப் பழக்கத்துக்கு இப்போது பதினொரு வயதாகிறது. அலமாரியில் 300 ஜாஸ் தட்டுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அதைப் பார்க்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "ஒலி உண்மையிலேயே இதில்தான் நன்றாக இருக்கிறதா?" என்பதே. இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே பதிவின் நல்ல டிஜிட்டல் வடிவத்தில் இரைச்சல் குறைவு, உரசல் கிடையாது, பக்கத்தின் கடைசிவரை தெளிவு மாறாது. இவ்வளவு தெரிந்தும் நான் தட்டிலேயே கேட்பதற்குக் காரணம், பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்க நான் எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பதுதான். முடியப்போகிறது என்று தெரிந்திருப்பதால் கவனம் கலையாமல் உட்கார முடிகிறது.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்ன்டேபிள், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் 1979-இல் வந்த எம்கே2. டிஜே வேலையை விட்டுவிட்ட ஒருவரிடம் 450 டாலருக்கு வாங்கியது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் அமைப்பு என்பதால், இத்தனை ஆண்டுகளில் ஒயரை ஒருமுறை மாற்றியதைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், ஆர்ட்டஃபான் 2எம் ரெட். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே உடலில், அதைவிட மேல்தரமான ப்ளூ முள்ளை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டேன். முள் தட்டின் மீது அழுந்த வேண்டிய எடை 1.8 கிராம். முதல் நாள் ஃபோனோ ப்ரீஆம்ப் என்று ஒன்று தேவை என்பதே தெரியாமல் ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீட்டில் செருகினேன். கொசு பாடுவதைப் போல மெலிதாக, கீச்சென்று கேட்டது. தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுரங்களைக் குறைத்து மேல்சுரங்களை உயர்த்தி விடுகிறார்கள் என்பதும், 1950-களின் நடுவில் பொதுவாக ஏற்கப்பட்ட அந்த அளவுமுறையை ப்ரீஆம்ப்தான் திருப்பிச் சரிசெய்கிறது என்பதும் பிறகு விளங்கியது. புதிதாகத் தொடங்குகிறவரிடம் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் நல்ல முள்ளுக்கும், அடுத்துத் தட்டைக் கழுவும் சாதனத்துக்கும் செலவிடச் சொல்வேன்.

நான் அதிகம் சுழலவிட்ட தட்டு, எல்லோரிடமும் இருக்கும், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'தான். பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்ச் கடையில் கிடைத்த 1970-களின் அச்சு என்னுடையது. அதன் முதல் பாட்டான 'ஸோ வாட்' பெரும்பகுதி டி டோரியன் என்ற சுரவரிசையில் செல்கிறது. நம் கணக்கில் சொன்னால், இரண்டு கட்டைச் சுருதியில் கரகரப்பிரியாவின் சுரங்கள். ஒரு நாள் விளையாட்டாக மின்சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துவிட்டு முள்ளை இறக்கினேன். சேரவில்லை. பால் சேம்பர்ஸ் வாசித்த பாஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய நரம்புக் கருவி) சுருதிக்குச் சற்று மேலேயே நின்றது. சுருதிப் பெட்டியைச் சந்தேகப்பட்டேன், டர்ன்டேபிளைச் சந்தேகப்பட்டேன், இரண்டுமே குற்றமற்றவை. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில், முதல் பக்கத்துப் பாடல்களைப் பதிவுசெய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் திருப்பி இயக்கும்போது எல்லாம் கொஞ்சம் விரைந்து, சுருதி ஏறிவிடுகிறது. ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. 1992-இல்தான் இதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

என் டர்ன்டேபிளின் வலப்புறத்தில் வேகத்தை எட்டு சதவீதம்வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்தி உண்டு. அதை நகர்த்தி வேகத்தை ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்ததும் பாஸ் சுருதியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றாலும், பதினாறு தாள அளவு முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் அரைச் சுரம் மேலே ஏறி எட்டு அளவுக்கு அங்கேயே நின்றுவிட்டுத் திரும்புகின்றன. சட்ஜமே இடம்பெயர்வதைப் போன்ற அந்த எட்டு அளவுகளில் சுருதிப் பெட்டி கரகரவென்று முரண்டு பிடித்தது. ஒரே சுரவரிசையில் நெடுநேரம் தங்குவதை மோடல் ஜாஸ் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றிப் படித்தபோது பிடிபடாதது அன்று காதில் பிடிபட்டது. இப்போதும் முதல் பக்கத்துக்கு வேகத்தைக் குறைக்கிறேன், இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்தியை நடுவில் கொண்டுவருகிறேன்.

பக்கத்துக்கென்று ஓர் இயற்பியலும் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலான ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் ஒலி எழுதப்பட்ட பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்வட்டத்தில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்பெட்டும் சிம்பலும் சிதற வாய்ப்பு அதிகம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம் 'ப்ளூ இன் க்ரீன்' என்ற மெல்லிய பாட்டில் முடிகிறது. மைல்ஸ் தன் டிரம்பெட்டின் வாயில் அடைப்பான் பொருத்தி வாசிக்கும் அந்த அடங்கிய ஒலிக்கு உள்வட்டம் அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. எண்ணியே அப்படி வரிசைப்படுத்தினார்களா என்பது வேறு விஷயம்; என் காதுக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

அறையின் ஓசைக்காகவே நான் கேட்கும் தட்டு ஒன்று உண்டு. பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் வாசித்ததிலிருந்து எடுத்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. கண்ணாடிக் கோப்பைகள் உரசுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், பின்வரிசையில் பேச்சு ஓயவே இல்லை. அந்த மேசைகளில் இருந்தவர்களுக்கு அது மற்றுமொரு ஞாயிறு. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த மாதம் 6-ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார், வயது 25. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பேச்சரவத்தின் மீது எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது.

சேகரிப்பில் இன்னொரு சுகம், தட்டைப் படிப்பது. பாடல் முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்றுப் பகுதியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் எழுத்துகள் தெரியும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பழைய தட்டு என்றால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ முத்திரையோ இருக்கும். காது வடிவில் ஒரு சிறு குறியும் இருந்தால் அது 1966-க்கு முந்தைய அச்சு என்பதற்குச் சான்று. வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஹேக்கன்சாக்கில், பெற்றோரின் வரவேற்பறையில்தான் 1959 வரை பதிவுகளைச் செய்தார். அந்தக் காதுக் குறி உள்ள தட்டுகளின் விலை நூற்றுக்கணக்கான டாலரில் தொடங்கி ஆயிரங்களைத் தாண்டும். ஒரே ஒருமுறை ஆசைக்கு அடிபணிந்து, "ஏறக்குறையப் புதியது" என்று இணையத்தில் ஒருவர் விற்றதை வாங்கினேன். வந்தது அப்பளம்போல் வளைந்திருந்தது. பணம் திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு மறுஅச்சுகளோடு நிறுத்திக்கொண்டேன். மூல டேப்பிலிருந்து வெட்டப்பட்டு 2019 முதல் வரும், ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை, ஒன்று 40 டாலரை நெருங்கினாலும், கொடுத்த காசுக்குக் குறை வைத்ததில்லை. 1980-களின் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் மறுஅச்சுகளைப் பழைய தட்டுக் கடைகளில் அதைவிடக் குறைவாக வாங்கலாம்.

தொல்லைகளும் உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் தட்டை உறையிலிருந்து உருவினாலே படபடவென்று மின்னூட்டம் ஏறி, அறையிலுள்ள தூசி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். காகித உள்ளுறைகளை எல்லாம் பாலிஎத்திலீனுக்கு மாற்றிய பிறகு பாதி குறைந்தது. வீடு மாறியபோது, சுமைதூக்க வந்தவர்கள் தட்டுகள் நிறைந்த பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' தட்டை, பல முட்கள் கொண்ட கடிகாரப் பலகை உள்ள அதன் அட்டைக்காகவே வாங்கினேன். 1964-இல் பதிவானது, டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18. முதல் பக்கமே கரடுமுரடாக இருந்ததால் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. திருப்பிய அன்று என் மனைவி, "பாத்திரக் கடைக்குள் பூனை புகுந்த மாதிரி இருக்கிறது" என்று எழுந்து போய்விட்டாள். போன மாதம் ஒரு நாள், நான் அலமாரி முன் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே நின்றபோது, கையைத் துடைத்தபடி வந்து, "அந்தக் கடிகார அட்டை எங்கே, பூனைப் பக்கத்தைப் போடுங்கள்" என்றாள்.